பெண் பிறப்புறுப்புச் சிதைப்பின் மனத் தாக்கம்: எந்த முறையில் ஆராய்வது, எந்த வகையில் துணை நிற்பது?

இன்று உயிரோடிருக்கும் பெண்களிலும் சிறுமியரிலும் 23 கோடிக்கும் மேற்பட்டோர் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு, அதாவது மருத்துவக் காரணமின்றிப் பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பை வெட்டியோ வேறு வகையில் காயப்படுத்தியோ சிதைக்கும் வழக்கத்துக்கு, உள்ளானவர்கள் என்று யுனிசெஃப் 2024-இல் மதிப்பிட்டது. இவர்களில் 14 கோடிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்காவிலும், ஏறத்தாழ 8 கோடிப் பேர் ஆசியாவிலும், 60 லட்சம் பேர் மத்திய கிழக்கிலும் வாழ்கிறார்கள். ரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர் கழிக்கையில் வலி, மகப்பேற்றுச் சிக்கல் என உடலுக்கு நேரும் கேடுகள் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மனத்துக்கு நேர்வதைப் பற்றிய ஆய்வுகள் அதைவிட மிகக் குறைவு. இருப்பவற்றிலும் பல, மிகச் சிலரை மட்டுமே சந்தித்து எழுதப்பட்டவை.

இந்தக் குறையை நிரப்ப விரும்பும் சமூகப்பணி, உளவியல், செவிலியர் படிப்பு மாணவர்களும், பாதிக்கப்பட்ட பெண்களைச் சந்திக்கத் தொடங்கியிருக்கும் சிறு அமைப்புகளும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கிறார்கள். வினாநிரல் கொடுத்து அளப்பதா, உட்கார்ந்து பேசிக் கேட்பதா என்பது முதல் கேள்வி. கையிலிருக்கும் சிறு தொகையைத் தனிநபர் சிகிச்சைக்குச் செலவிடுவதா, குழுக்கூட்டங்களுக்கா, பாலியல் நல ஆலோசனைக்கா என்பது இரண்டாவது. இவற்றைத் தனித்தனியாக முடிவு செய்வதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்கு விடை தேடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பெண் பதில் சொல்லும்போது உடைந்து அழுதால் அவரை யாரிடம் அழைத்துச் செல்வோம் என்பது முடிவாகாத வரை, எந்த முறையும் பொருத்தமான முறை ஆகாது.

எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

முறையைத் தேர்ந்தெடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை வெளிவந்த ஆய்வுகளே காட்டுகின்றன. செனகலின் டக்கார் நகரில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வு, சிதைப்புக்கு உள்ளான 23 பெண்களையும் உள்ளாகாத 24 பெண்களையும் ஒப்பிட்டது. முதல் பிரிவில் 30.4 சதவீதத்தினருக்குப் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனஅழுத்தக் கோளாறு, அதாவது மருத்துவர்கள் பிடிஎஸ்டி என்று குறிப்பிடுவது, இருப்பதாகக் கண்டறிந்தது. வட ஈராக்கில் 8 முதல் 14 வயது வரையிலான 79 குர்து சிறுமியரிடம் நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வில் இந்த அளவு 44 சதவீதமாக இருந்தது. நெதர்லாந்தில் குடியேறிய 66 ஆப்பிரிக்கப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில் ஆறில் ஒருவருக்கு மட்டுமே பிடிஎஸ்டி இருந்தது. மூன்றில் ஒருவரிடம் மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் காணப்பட்டன.

இவற்றில் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. வயது வேறு, வெட்டின் வகை வேறு, நிகழ்ந்து கழிந்த காலம் வேறு, பயன்படுத்திய அளவுகோலும் வேறு. டக்கார் ஆய்வின் 30.4 சதவீதம் என்பது 23 பேரில் 7 பேர். ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ அந்த எண் நான்கு புள்ளிகளுக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே ‘மூன்றில் ஒருவருக்கு மனநோய்’ என்று யாராவது ஒரே வரியில் எழுதியிருப்பதைக் கண்டால், அந்த எண் யாரிடமிருந்து, எப்படிப் பெறப்பட்டது என்று தேடிப் பார்த்த பிறகே அதை எடுத்தாள வேண்டும்.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

நான்கு அளவுகோல்களை முன்வைக்கிறேன். முதலாவது, பதிலளிக்கும் பெண் இந்த ஆய்வுக்காக என்ன விலை கொடுக்கிறார் என்பது: மீண்டும் நினைவுகூர்வதன் வலி, வீட்டுக்கோ சமூகத்துக்கோ தெரிந்துவிடும் ஆபத்து, செலவாகும் நேரம். இரண்டாவது, வெட்டினால் வந்த துன்பத்தைப் போர், அகதி வாழ்க்கை, கட்டாயத் திருமணம், குடும்ப வன்முறை ஆகியவற்றால் வந்த துன்பத்திலிருந்து எவ்வளவு பிரித்தறிய முடியும் என்பது. மூன்றாவது, மொழி, காலம், பயிற்சி ஆகியவற்றில் ஆய்வுக்குழுவிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்பது. நான்காவது, கிடைக்கும் முடிவு அந்தப் பெண்களுக்கான சேவையாக மாறும் வாய்ப்பு.

இவை நான்கும் சம எடை கொண்டவை அல்ல. முதலாவதில் தோற்கும் ஒரு திட்டம் மற்ற மூன்றிலும் வென்றாலும் அதைக் கைவிடத்தான் வேண்டும். இத்தகைய ஆய்வுகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நெறிமுறை வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. திட்ட வரைவை எழுதத் தொடங்கும் முன்பே அதைப் படித்துவிடுவது நல்லது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்காகக் கடைசி வாரத்தில் புரட்டிப் பார்ப்பதால் பெரிய பயன் இராது.

முதல் வழி: வினாநிரலால் அளத்தல்

அகதிகளின் மனநலத்தை அறிய உருவாக்கப்பட்ட ஹார்வர்ட் ட்ராமா வினாநிரல், பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் 25 கேள்விகள் கொண்ட ஹாப்கின்ஸ் அறிகுறிப் பட்டியல், பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட பிசிஎல்-5 ஆகியவை இத்துறையில் அறிமுகமான கருவிகள். இவற்றின் பெரிய பலம், கிடைக்கும் முடிவை வேறு ஆய்வுகளோடு ஒப்பிட முடிவது. நிதி ஒதுக்கும் அதிகாரிகளிடம் எண்கள் பேசுகிற அளவுக்குக் கதைகள் பேசுவதில்லை என்பதும் உண்மை. நெதர்லாந்து ஆய்வில், பிறப்புறுப்பு தைத்து மூடப்பட்ட மூன்றாம் வகைச் சிதைப்புக்கு உள்ளானவர்களும், அந்த நாளைத் துல்லியமாக நினைவில் வைத்திருப்பவர்களும், போதைப்பொருளால் மனத்தை மரக்கச் செய்து சமாளித்தவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. யாரை முதலில் அணுக வேண்டும் என்று காட்டும் இத்தகைய தொடர்புகளை அளவீடு இல்லாமல் நிறுவ முடியாது.

ஆனால் கேள்வி படிக்கப்படும் கணத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ‘கடந்த ஒரு வாரத்தில், அந்தக் கொடிய நிகழ்ச்சி மீண்டும் நடப்பதுபோல் எவ்வளவு உணர்ந்தீர்கள்: இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு அதிகம், மிக அதிகம்?’ என்ற வகையில் கேள்வி அமைந்திருக்கிறது. குண்டுவீச்சிலிருந்து தப்பி, முகாமில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கடல் கடந்து வந்த ஒரு பெண் ‘எந்த நிகழ்ச்சி?’ என்று திருப்பிக் கேட்டால், தாளில் அதற்கு இடமில்லை. ஏழு வயதில் தன் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தன்னுடைய தாய் என்பதையும், அந்தத் தாயைத் தான் இன்றும் நேசிப்பதையும் எந்தக் கட்டத்தில் குறிப்பது? பின்னாளில் தன் மகளையும் அதே இடத்துக்கு அழைத்துச் சென்றவர் சுமக்கும் குற்றவுணர்வை எந்த எண்ணால் எழுதுவது? அளவுகோல் கேட்காத இவைதாம் பலருக்கும் துன்பத்தின் மையமாக இருக்கின்றன.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. வினாநிரலை மொழிபெயர்ப்பது, அதை இன்னொருவர் மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்துச் சரிபார்ப்பது, அந்தச் சமூகத்துப் பெண்கள் சிலரிடம் வாசித்துக் காட்டித் திருத்துவது ஆகியவற்றுக்கு மாதங்கள் பிடிக்கும். எந்த வகைச் சிதைப்பு என்பதைப் பெண்ணின் சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்தால் பிழை நேரும். லேசான வெட்டு என்று சொல்லப்பட்டவை பரிசோதனையில் அதைவிட மிக விரிவாக இருந்ததைச் சூடானில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்காகப் பரிசோதனை நடத்தலாம் என்றால், ஆய்வின் பொருட்டு மட்டும் ஒரு பெண்ணைப் பரிசோதனை மேசையில் படுக்க வைப்பது முதல் அளவுகோலிலேயே தோற்றுவிடும். பாலியல் நலத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் அளவி ஒன்று கடந்த நான்கு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. அந்தக் காலத்தில் உறவில் ஈடுபடாதவருக்குப் பூச்சியம் விழுந்து, அவர் கடுமையாகப் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். ஒப்பீட்டுப் பிரிவைச் சேர்ப்பதும் எளிதல்ல. சோமாலியா, கினி போன்ற நாடுகளில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் சிதைப்புக்கு உள்ளானவர்கள்; உள்ளாகாத சிலர் கல்வியிலும் குடும்பச் சூழலிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு, மதிப்பெண் கூட்டிய பிறகு தொடங்குகிறது. 60 பேரிடம் கேட்டு, நெதர்லாந்தில் கண்டதுபோல் மூன்றில் ஒருவர் எல்லைக்கோட்டைத் தாண்டினால், 20 பெண்களுக்கு உதவி தேவை என்பதை நீங்கள் அறிந்துவிட்டீர்கள். அறிந்த பிறகு தாளை அடுக்கி வைத்துவிட்டுப் போவது நியாயமாகாது.

சிகிச்சை தரும் மருத்துவமனையோ நிலையமோ ஏற்கெனவே கூட்டாளியாக இருந்து, சரிபார்க்கப்பட்ட மொழிபெயர்ப்பும் கையில் இருந்தால் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம். இவை இல்லாத முதுநிலை மாணவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் வழி: ஆழ்நேர்காணல்

இங்கே பெண் தன் வரிசையில், தன் சொற்களில் பேசுகிறார். வினாநிரலில் விழாதவை அதனால் வெளிவருகின்றன. கைக்குழந்தையாக இருந்தபோதே வெட்டப்பட்டு, அதன் நினைவே இல்லாத ஒருவருக்கு, வளர்ந்த பின் அதை அறிந்த நாளே முதல் அதிர்ச்சியாக இருக்கலாம். எல்லோருக்கும் நடந்ததே தனக்கும் நடந்தது என்று அமைதியாக இருந்த ஒருவருக்கு, குடியேறிய நாட்டில் பிரசவத்துக்குப் போனபோது மருத்துவரின் முகம் மாறியதும், அவர் சக பணியாளர்களை அழைத்துக் காட்டியதும் ஆறாத காயமாக நின்றிருக்கலாம். இன்னொருவருக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையில் கால்களை அகற்றிப் படுத்து, மேலே விளக்கு எரியும்போது மட்டும் பழைய நாள் திரும்பி வரும். துன்பம் வெட்டிய நாளோடு நின்றுவிடுவதில்லை, பிற்காலத்தில் நேரும் சில சந்திப்புகள் அதைப் புதுப்பிக்கின்றன என்ற புரிதல் பெரும்பாலும் நேர்காணல்களால் கிடைத்தது. மருத்துவமனைகள் தங்கள் நடைமுறையைத் திருத்திக்கொள்ளவும் இதுவே மிக நேரடியாக உதவுகிறது.

எத்தனை பேருக்கு என்ற கேள்விக்கு இந்த முறை விடை தராது. வெட்டின் விளைவையும் மற்றத் துன்பங்களின் விளைவையும் எண்ணால் பிரித்துக் காட்டவும் இதனால் முடியாது. ஆனால் அந்தப் பெண் அவற்றை எப்படிப் பிரித்தோ பிணைத்தோ பார்க்கிறார் என்று காட்ட முடியும்.

இந்த வழியின் ஆபத்து, அதன் பலத்திலேயே இருக்கிறது. நன்றாகக் கேட்கத் தெரிந்தவரிடம், ஒரு பெண் சொல்ல நினைத்ததைவிட அதிகமாகச் சொல்லிவிடுவார். இரவில் தனியாக அதன் பாரத்தைச் சுமப்பார். ஆகவே வெட்டிய நாளைப் பற்றி நேரடியாகக் கேட்காமல், இன்றைய வாழ்க்கை, உறக்கம், குழந்தைகள், மருத்துவமனை அனுபவம் எனத் தொடங்கி, அந்த நாளுக்குள் போவதா வேண்டாமா என்பதை அவரிடமே விட வேண்டும். அந்தச் செயலை அவர் எந்தப் பெயரால் சொல்கிறாரோ அதே பெயரை நாமும் பயன்படுத்த வேண்டும். மிகக் கொடிய இடத்தில் பேச்சை முடித்து ஒலிப்பதிவை நிறுத்தக் கூடாது. மெதுவாக நிகழ்காலத்துக்குத் திரும்பி வந்த பிறகே விடைபெற வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகல் வீட்டில் யார் கையிலாவது சிக்குவது ஆபத்தாகும் என்றால் வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்ளலாம். தொலைபேசியில் வேறொருவர் எடுத்தால் ஆய்வின் பொருளைச் சொல்லவே கூடாது.

மொழிபெயர்ப்பாளர் பெண்ணாக இருப்பது அவசியம்; ஆனால் அது மட்டும் போதாது. புலம்பெயர்ந்தோரின் சிறு சமூகத்தில், அவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவராகவோ மாமியாரின் தோழியாகவோ இருக்கக்கூடும். வேறு ஊரிலிருந்து, பெயர் சொல்லாமல் தொலைபேசி வழியே மொழிபெயர்க்கும் ஒருவர் சில நேரங்களில் பாதுகாப்பானவர். ஒலிப்பதிவை எழுத்தாக்குபவரும் அத்தனை விவரங்களையும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பேசி ஆற்றிக்கொள்ள நேரமும் ஆளும் ஒதுக்குவது, செலவுத் திட்டங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

சட்டம் சார்ந்த ஒரு கட்டுப்பாடும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 அக்டோபர் 31 முதல், 18 வயதுக்குட்பட்ட சிறுமி தனக்கு இது நடந்ததாகச் சொன்னால், சுகாதாரப் பணியாளர்களும் சமூகப் பணியாளர்களும் ஆசிரியர்களும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். பிற நாடுகளில் விதிகள் வேறுபடும். ரகசியம் காப்போம் என்று உறுதி கூறுவதற்கு முன், எதை நம்மால் காக்க முடியாது என்பதை, குறிப்பாக ஒரு மகளுக்கு ஆபத்து இருப்பது தெரியவந்தால் என்ன செய்வோம் என்பதை, முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் வழி: சமூகப் பெண்களே ஆய்வாளராகும் பங்கேற்பு முறை

இதில் அந்தச் சமூகத்துப் பெண்கள் பயிற்சி பெற்று, தங்கள் தோழியரிடம் தாங்களே பேசுகிறார்கள். ‘உங்களுக்கு என்ன நடந்தது’ என்று கேட்காமல் ‘நம்மைப் போன்ற பெண்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்’ என்று படர்க்கையில் கேட்பது இதன் ஒரு வடிவம்; இங்கிலாந்தில் இச்சிதைப்பு குறித்த ஆய்வுகளிலும் இது பயன்பட்டிருக்கிறது. யாரும் தன் கதையைச் சொல்லி அம்பலப்பட்டு நிற்க வேண்டியதில்லை என்பதால் முதல் அளவுகோலில் இது முன்னணியில் நிற்கிறது. ஆய்வு முடிந்த பிறகும் பயிற்சி பெற்ற பெண்கள் அங்கேயே இருப்பார்கள் என்பதால் நான்காவதிலும் அப்படியே.

நோய் கண்டறிவதற்கு இது உதவாது. நம்பிக்கை உருவாக ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். பட்டப்படிப்பின் கால அட்டவணையில் அது அடங்காது. சமூக ஆய்வாளர்களுக்கு ஊதியம் தர வேண்டும். அவர்களில் பலர் தாங்களும் அதே காயத்தைச் சுமப்பவர்கள், சமூகத்தின் வசையையும் முதலில் ஏற்பவர்கள். ஒரே ஊரில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றப்போகும் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

நான்காம் வழி: ஏற்கெனவே உள்ள தரவு

வெளியான ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுவதோ, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளின் தரவை ஆராய்வதோ யாரையும் மீண்டும் பேச வைப்பதில்லை. ஆனால் சிதைப்பைப் பற்றிக் கேட்ட கணக்கெடுப்புகளில் பெரும்பாலானவை மனநலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆதரவு ஏற்பாடு இல்லாத, காலமும் குறைவாக உள்ள மாணவருக்கு இது தாழ்ந்த தேர்வு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

| அளவுகோல் | வினாநிரல் | ஆழ்நேர்காணல் | பங்கேற்பு முறை | உள்ள தரவு |
|---|---|---|---|---|
| பெண் கொடுக்கும் விலை | நடுத்தரம். மதிப்பெண்ணுக்குப் பின் கைவிடப்பட்டால் மிக அதிகம் | அதிகம். கேட்பவரின் பயிற்சியைப் பொறுத்தது | குறைவு. சமூக ஆய்வாளருக்கு அதிகம் | இல்லை |
| பிற துன்பங்களிலிருந்து பிரித்தறிதல் | போதிய எண்ணிக்கை இருந்தால் ஓரளவு | அவர் பார்வையில் மட்டும் | அரிது | தரவைப் பொறுத்தது |
| தேவைப்படுபவை | சரிபார்த்த மொழிபெயர்ப்பு, சிகிச்சைக் கூட்டாளி | பயிற்சி, மொழிபெயர்ப்பாளர், ஆற்றுப்படுத்தும் நேரம் | நீண்ட காலம், ஊதியம் | புள்ளியியல் அல்லது மதிப்பாய்வுத் திறன் |
| சேவையாக மாறும் வாய்ப்பு | நிதி கோர உதவும் | மருத்துவமனை நடைமுறை திருந்த உதவும் | உள்ளூரில் நேரடியாக | கொள்கை அளவில் |

துணை நிற்கும் வழிகள்

தனிநபர் சிகிச்சையைப் பொறுத்தவரை, பதற்றக் கோளாறு, மனச்சோர்வு, பிடிஎஸ்டி ஆகியவற்றின் அறிகுறிகள் உள்ளவர்களுக்கு, எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சின் வழியே மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைக் கருதலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல் கூறியது. இந்தப் பரிந்துரை பிற வன்முறைகளால் பாதிக்கப்பட்டவர்களிடம் கிடைத்த சான்றுகளை நம்பி எழுதப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பயங்கரக் கனவுகள், திடீரென நினைவு பாய்தல், மருத்துவப் பரிசோதனையைத் தவிர்த்தல் என அன்றாடத்தைக் குலைக்கும் அறிகுறிகள் உள்ளவருக்கு இதுவே முதல் தேர்வு. குடியுரிமை, தங்குமிடம், வருமானம் ஆகியவற்றில் நிச்சயமின்மை தொடரும்போது சிகிச்சை தடுமாறும். அந்த நேரத்தில் ஆலோசகரைவிட வழக்கறிஞரோ சமூகப் பணியாளரோ அவருக்கு அதிகம் உதவக்கூடும். அதையும் மனநல உதவியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழுக்கூட்டம் தனிமையையும் வெட்கத்தையும் குறைக்கிறது, செலவும் குறைவு. ஆனால் ஒரே சமூகத்தினர் கூடும்போது ரகசியம் கசியும் அச்சம் உண்டு. இந்த வழக்கத்தைக் கைவிட்டவரும் இன்னும் மதிப்பவரும் ஒரே அறையில் இருக்கலாம். கடுமையான அறிகுறிகள் உள்ளவர், மற்றவரின் விவரிப்பைக் கேட்டே நிலைகுலையலாம். ஆகவே முதலில் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்த பிறகே குழுவில் சேர்க்க வேண்டும்; வெட்டிய நாளை விவரிப்பது குழுவின் நோக்கமல்ல என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

பாலியல் நல ஆலோசனைதான் பல பெண்கள் உண்மையில் தேடி வருவது. ஆனாலும் பெரும்பாலும் கடைசியாகவே நிதி பெறுவது. இதே 2016 வழிகாட்டுதல் இதையும் பரிந்துரைத்தது. இதோடு சேர்ந்து அறுவை சிகிச்சை பற்றிய கேள்வி வரும். தைத்து மூடியதைத் திறக்கும் சிகிச்சை, சிறுநீர், மகப்பேற்றுச் சிக்கல்களுக்குப் பயனுள்ளது என்று ஏற்கப்பட்டுள்ளது. பெண்ணுறுப்பின் உணர்வு மிகுந்த பகுதியான கிளிட்டோரிஸை அறுவை சிகிச்சையால் மறுசீரமைப்பதைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. பிரான்சில் 1998 முதல் 2009 வரை 2,938 பெண்களுக்குச் செய்யப்பட்ட மறுசீரமைப்புப் பற்றிய கட்டுரை 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஓராண்டுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் 866 பேர், அதாவது 29 சதவீதம். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வலி குறைந்திருந்தது அல்லது கூடாமலாவது இருந்தது. வராத 71 சதவீதத்தினருக்கு என்ன ஆயிற்று என்பதை அந்தத் தரவு சொல்லாது. சான்று போதவில்லை என்பதால் 2016 வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவில்லை. எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னும் பின்னும் உளவியல் துணை கிடைக்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. அதே இடத்தில் மறுபடியும் ஒரு வெட்டு, மறுபடியும் ஒரு வலி என்பதால், சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களில் பழைய நினைவுகள் திரும்புவது வியப்பன்று. பாரிஸை ஒட்டிய சென்-தெனியில் 2016-இல் தொடங்கப்பட்ட ‘மேசோன் தெ ஃபாம்’ போன்ற நிலையங்களில் மகப்பேறு மருத்துவரும் உளவியலாளரும் பாலியல் நல ஆலோசகரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கும் சிறு அமைப்பு, புதிதாகச் சிகிச்சையாளரை நியமிப்பதைவிட, பகுதி மருத்துவமனையின் பிரசவப் பிரிவோடும் ஒரு மனநலச் சேவையோடும் எழுத்து வடிவில் ஏற்பாடு செய்துகொண்டு, பெண்ணோடு முதல் சந்திப்புக்குத் துணையாகச் செல்லும் ஒருவருக்கு ஊதியம் தருவதையே நான் தேர்ந்தெடுப்பேன். அந்த ஏற்பாடு சில மாதங்கள் உண்மையில் இயங்கி, அனுப்பப்பட்டவர்கள் அங்கே மரியாதையோடு நடத்தப்பட்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்ட பிறகு ஆய்வைத் தொடங்கலாம். அப்போதும் முதலில் ஒரு சிலரிடம் மட்டும் நேர்காணல் நடத்தி, எந்தக் கேள்வி காயப்படுத்துகிறது, எது நிம்மதி தருகிறது என்று அறிந்து, அதன் பிறகே வினாநிரலை வடிவமைப்பது நல்லது. பங்கேற்றவர்கள் அழைப்பதற்கான தொலைபேசி எண், அறிக்கை அச்சேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதமாவது இயங்குவதற்கான தொகையை, பயணச் செலவுக்கும் அச்சுச் செலவுக்கும் முன்னதாகவே வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.